வாடகை வீடு மாறுகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு வீட்டுக்குப் போவதில் உள்ள சிக்கல்களை எழுதி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அட்வான்ஸ் பணத்தைப் பற்றியவை என்பதால், முதல் பதில் கொஞ்சம் நீளமாக இருக்கும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பதில் சொல்பவள் வழக்கறிஞர் அல்ல. சென்னையில் 27 ஆண்டுகளில் 9 வாடகை வீடுகளில் குடியிருந்து, ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டவள்.

கேள்வி: நான்கு ஆண்டுகளாக ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். மாத வாடகை 16,000 ரூபாய். பத்து மாத வாடகையான 1,60,000 ரூபாயை அட்வான்ஸாகக் கொடுத்திருக்கிறோம். மே மாதக் கடைசியில் காலி செய்கிறோம் என்று சொன்னதும், பெயின்ட் அடிக்க 30,000 ரூபாயைப் பிடித்துக்கொள்வதாகவும், மீதியை அடுத்து வருகிறவர் அட்வான்ஸ் கொடுத்த பிறகே தர முடியும் என்றும் வீட்டுக்காரர் சொல்கிறார். புதிய வீட்டுக்கு உடனே ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். என்ன செய்வது?
– ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு வழக்குகள் இருக்கின்றன, அம்மா. எவ்வளவு பிடிப்பது என்பது ஒன்று. எப்போது தருவது என்பது மற்றொன்று. வீட்டுக்காரரிடம் பேசும்போது இரண்டையும் சேர்த்துப் பேசினால், ஒன்றில் விட்டுக்கொடுப்பதுபோல் காட்டி மற்றொன்றில் உங்களை மடக்கிவிடுவார்கள்.

முதலில் தொகை. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துவதற்காக 2017-இல் இயற்றப்பட்ட சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது இது. எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்று அதன் இரண்டாவது அட்டவணை இரண்டு பட்டியல்களாகப் பிரித்துச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் வீட்டு உரிமையாளரின் பட்டியலில்தான் இருக்கின்றன. நான்கு ஆண்டுகள் மனிதர்கள் வாழ்ந்த வீட்டில் சுவர் மங்குவதும், சோபா சாய்ந்த இடத்தில் எண்ணெய்த் தடம் படிவதும் இயல்பான தேய்மானம். உங்கள் குழந்தை கூடத்துச் சுவர் முழுவதும் கிரேயானால் ரயில் வண்டி வரைந்திருந்தால் அது வேறு கதை. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். ‘காலி செய்யும்போது வண்ணப்பூச்சுக்கு ஒரு மாத வாடகை கழிக்கப்படும்’ என்ற வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில், டைப் அடிக்கும் கடைக்காரரின் பழைய நகலிலிருந்து, யாரும் கேட்காமலேயே வந்து உட்கார்ந்திருக்கும். அந்த வரி இருந்தால் அவர் அதை வைத்துப் பேசுவார். நீங்கள் சட்டத்தின் அட்டவணையை வைத்துப் பேசலாம். அப்போதும் பேச்சு 16,000 ரூபாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். 30,000 ரூபாய்க்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த வரியே இல்லையென்றால், எந்தக் கணக்கில் இந்தத் தொகை என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்கும்போது தொகை குறைவதை நான் இரண்டு வீடுகளில் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அடுத்தது நாள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அடுத்த குடித்தனக்காரர் எப்போது வருவார் என்பதற்கும் உங்கள் பணத்துக்கும் தொடர்பே இல்லை. ஆனால் நடைமுறையில் நடப்பது வேறு. நீங்கள் கொடுத்த 1,60,000 ரூபாயை அவர் நான்கு ஆண்டுகளாகத் தனியே எடுத்து வைத்திருக்கவில்லை; மகள் கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ எப்போதோ செலவாகியிருக்கும். ஒரு வீட்டு அட்வான்ஸ் மறு வீட்டு அட்வான்ஸைக் கொண்டு அடைபடுவதுதான் இந்த ஊரின் வழக்கம், அது சரியா தவறா என்று இங்கே விவாதித்துப் பயனில்லை. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது; ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தால் அது பொருந்தாது என்ற வாசகமும் கூடவே இருக்கிறது. நாம் எல்லோரும் பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் வழி இது. காலி செய்யும் தேதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். ஏப்ரல், மே இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சம்மதமா என்று அதிலேயே கேளுங்கள். அவர் ‘சரி’ என்று எழுத்தில் சொன்ன பிறகே வாடகையை நிறுத்த வேண்டும். நீங்களாக நிறுத்தினால் அது பாக்கி என்று ஆகிவிடும். அவர் சம்மதித்தால் 32,000 ரூபாய் உங்கள் கையிலேயே தங்கும், அவருக்கும் திருப்பித் தர வேண்டியது 1,28,000 ரூபாயாகக் குறையும்; பணமே இல்லாத வீட்டுக்காரர்கூட இதற்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார், ஏனென்றால் அவர் பையிலிருந்து எதுவும் போவதாகத் தெரியாது. புதிய வீட்டில் முழுத் தொகையையும் முதலிலேயே கட்டாதீர்கள். டோக்கன் அட்வான்ஸாக ஒரு பகுதியைக் கொடுத்து, மீதியைச் சாவி வாங்கும் நாளில் தருவதாகப் பேசுங்கள். கொடுத்த தொகையையும், நாம் பின்வாங்கினால் அது திரும்புமா திரும்பாதா என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். டோக்கனில் ஒரு முறை 10,000 ரூபாய் இழந்தவள் சொல்கிறேன்.

சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். குழாய், சுவிட்ச், சன்னல் கண்ணாடி, மின் மீட்டர் எண் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதுங்கள்: இந்தத் தேதியில் வீடு ஒப்படைக்கப்பட்டது, இத்தனை சாவிகள் தரப்பட்டன, அட்வான்ஸில் இவ்வளவு கழிந்தது, மீதி இவ்வளவு. இருவரும் கையெழுத்திட வேண்டும். பணம் தயாராக இல்லையென்றால் அந்த ஒரு மாதத்துக்குள் வரும் தேதியிட்ட காசோலையை வாங்கிக்கொள்ளலாம். காசோலை திரும்பினால் அதற்கென்று தனிச் சட்டப்பிரிவு இருப்பது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். பணம் தரும் வரை சாவியைத் தர மாட்டேன் என்று பிடிவாதமாக மாதக்கணக்கில் வைத்திருக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். சாவி உங்களிடம் இருக்கும் வரை வீடு உங்களிடம்தான் இருக்கிறது என்று சொல்லி, வாடகைக் கணக்கை ஓட விடுவார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு தராவிட்டால் வழக்கறிஞர் வழியாக ஓர் அறிவிப்பு அனுப்பிவிட்டு, மேற்படிச் சட்டத்தின்கீழ் உள்ள வாடகை அதிகார அமைப்பையோ வாடகை நீதிமன்றத்தையோ நாடலாம். அங்கே உங்கள் ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதா என்றுதான் முதலில் கேட்பார்கள். பழைய வீட்டுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லையென்றாலும், புதிய வீட்டின் ஒப்பந்தத்தையாவது அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்து எண் வாங்கிவிடுங்கள். 11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு தேவையில்லை என்று புரோக்கர் சொல்வது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றியது. இது வேறு பதிவு.

கேள்வி: வைகாசி முடிய இன்னும் சில நாட்களே இருக்கின்றன, அதற்குள் சாமான்களோடு போக முடியாது. இப்போது நல்ல வீடு அமைந்திருக்கிறது, ஆனால் ஆனியில் குடி போகக் கூடாது என்கிறார் மாமியார். ஆனிக்குப் பிறகு ஆடி. ஆவணி வரை காத்திருந்தால் வீடு கை நழுவிவிடும்.
– ஒரு வாசகி, வில்லிவாக்கம்

பதில்: ‘ஆனி அடி எடுக்காதே, கூனி குடி புகாதே’ என்பது உங்கள் மாமியார் சொன்னதல்ல, அவருடைய பாட்டிக்கும் பாட்டி சொன்னது, கூனி என்பது பங்குனி. மார்கழியையும் சேர்த்துக்கொண்டால், வீடு மாற மிஞ்சுகிற மாதங்கள் குறைவுதான். பள்ளிக்கூடம் திறப்பதோ ஜூனில், அதாவது வைகாசிக்கும் ஆனிக்கும் நடுவில். அந்தப் பழமொழி உண்டானபோது ஒன்றாம் தேதி வாடகையும் கிடையாது, எல்.கே.ஜி. சேர்க்கையும் கிடையாது.

ஆனாலும் பெரியவர்களை மீறிக்கொண்டு போய்விட்டு, புது வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அது ஆனி மாதத்தால் வந்தது என்று ஆண்டு முழுவதும் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே பல குடும்பங்கள் செய்வதை நீங்களும் செய்யுங்கள். வைகாசி முடியுமுன் ஒரு நல்ல நாளில் புதிய வீட்டின் சாவியை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, சாமி படம், விளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு குடம் தண்ணீர் ஆகியவற்றோடு போய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்துவிடுங்கள். உப்பும் மஞ்சளும் அங்கேயே இருக்கட்டும். குடி போனது அன்றுதான் என்று கணக்கு. சாமான்கள் ஆனியில் போனால் அது வெறும் சாமான் போவதுதான். என் அனுபவத்தில் இந்த ஏற்பாட்டுக்கு மறுப்புச் சொன்ன மாமியார் இல்லை. டோக்கன் கொடுத்துவிட்ட வீடென்றால் இந்த ஒரு மணி நேரத்துக்குச் சாவி தர மறுக்கும் வீட்டுக்காரரும் அரிது; மறுத்தால் அந்த வீட்டைப் பற்றியே இன்னொரு முறை யோசிக்கலாம்.

கேள்வி: நாங்கள் காலி செய்யும் நாள், மின் கணக்கெடுப்புக்கு நடுவில் வருகிறது. அந்தக் கட்டணத்தை எப்படிப் பிரிப்பது? யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, அதில் முதல் 100 யூனிட் இலவசம். யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையைப் போடுகிறவர் அந்த இலவசத்தைத் தன் பக்கம் ஒதுக்கிக்கொள்கிறார் என்று பொருள். கடைசியாகக் கணக்கெடுத்த எண் மின்வாரியத்தின் இணையதளத்தில் உங்கள் இணைப்பு எண்ணைப் போட்டால் தெரியும். காலி செய்யும் நாளின் மீட்டர் எண்ணிலிருந்து அதைக் கழித்தால் வருவது உங்கள் பங்கு. உண்மையான கட்டணம் வந்த பிறகு, மொத்த யூனிட்டில் உங்கள் யூனிட் எத்தனை பங்கோ அந்த அளவு தருவதாகச் சொல்லி, ஒரு சிறு தொகையை மட்டும் அட்வான்ஸில் நிறுத்தி வைக்கச் சம்மதியுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, கீழ் அடுக்குகளுக்கும் விலை ஏறிவிடும். உங்களுக்குப் பின் வருகிறவர் இரண்டு ஏ.சி. ஓட்டி அதைத் தாண்ட வைத்தால், அந்தச் சுமையை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. அந்த இணைப்புடன் உங்கள் ஆதாரையோ கைப்பேசி எண்ணையோ சேர்த்திருந்தால், நீக்கும்படி பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் கட்டணச் செய்தியெல்லாம் உங்களுக்கே வந்துகொண்டிருக்கும்.

கேள்வி: நான் வாடகைக்கு விடுகிறவன். காலி செய்து போனவர்கள் சுவரில் 14 இடங்களில் துளையிட்டிருக்கிறார்கள், குளியலறைக் குழாய் இரண்டு ஒழுகுகிறது, கழிவுநீர்க் குழாய் அடைத்திருக்கிறது, ஒரு சன்னல் கண்ணாடியும் விரிசல். எல்லோரும் வாடகைதாரர் பக்கமே எழுதுகிறீர்கள். நாங்கள் எதையுமே கழிக்கக் கூடாதா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: நிச்சயமாகக் கழிக்கலாம், ஐயா, முதல் பதிலில் நான் சொன்ன அட்டவணையின் மறு பாதி உங்களுக்காகவே இருக்கிறது. குழாயும் அதன் வாஷரும் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, கழிப்பறை, கை கழுவும் தொட்டி, கீசர், சுவிட்ச், பிளக் ஆகியவற்றின் பழுது, பூட்டும் கைப்பிடியும், உடைந்த கண்ணாடி, கொசு வலை என இவையெல்லாம் குடியிருப்பவரின் பொறுப்பு. கட்டட அமைப்பில் வரும் பழுது, தேய்ந்துபோன தண்ணீர்க் குழாய் வரிசையை மாற்றுவது, மின் கம்பி மாற்றுவது ஆகியவை உங்களுடையவை. ஆகவே குழாய், அடைப்பு, கண்ணாடி மூன்றுக்கும் ஆளை வைத்துச் சரி செய்து, ரசீதை வைத்துக் கழியுங்கள். குத்துமதிப்பாக ஒரு முழுத் தொகையைச் சொல்லும்போதுதான் சண்டை வருகிறது. பிளம்பரின் ரசீதோடு 1,850 ரூபாய் என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

துளைகளைப் பற்றி மட்டும் என் அபிப்பிராயம் வேறு. சாமி படத்துக்கும் கடிகாரத்துக்கும் ஆணி அடிக்காமல் ஒரு குடும்பம் எப்படி வாழும்? குடி வைக்கும்போதே நான்கைந்து இடங்களில் நீங்களே கொக்கி பொருத்திக் கொடுத்துவிட்டு, மற்ற இடங்களில் கேட்காமல் துளையிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிப் பாருங்கள். குடி வரும் நாளில் வீடு இருந்த நிலையைப் படமெடுத்து இருவரும் வைத்துக்கொண்டால், 14 துளைகளில் எத்தனை இவருடையவை, எத்தனை இவருக்கு முன் இருந்தவருடையவை என்ற விசாரணையும் தேவைப்படாது.

கேள்வி: சென்னையிலிருந்து கோவைக்கு மாற்றலாகிப் போகிறோம். கேஸ், ரேஷன், வாக்காளர் பட்டியல் இவற்றுக்கு என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: கேஸுக்குத்தான் முதலில் போக வேண்டும், ஏனென்றால் சிலிண்டரை ஊர் விட்டு ஊர் கொண்டு போக முடியாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் இங்குள்ள ஏஜென்சியில் ஒப்படைத்தால், இணைப்பு வாங்கியபோது கட்டிய டெபாசிட்டைத் திருப்பித் தந்து, மாற்றல் வவுச்சர் ஒன்றைக் கொடுப்பார்கள். அதைக் கோவையில் காட்டி, இன்றைய டெபாசிட்டைக் கட்டி, புதிதாக வாங்கிக்கொள்ளலாம். வெகு நாளைக்கு முன் வாங்கிய இணைப்பென்றால் திரும்பி வரும் தொகைக்கும் கட்டும் தொகைக்கும் உள்ள வித்தியாசம் உறுத்தத்தான் செய்யும். முதல் இணைப்புச் சான்று கிடைக்கவில்லையென்றால் கடைசி வாரத்தில் அலைய வேண்டி வரும். இன்றே பீரோவில் தேடுங்கள். ஊருக்குள்ளேயே மாறுகிறவர்கள் சிலிண்டரை ஒப்படைக்க வேண்டியதில்லை, ஏஜென்சி மாற்றம் மட்டும் போதும்.

ரேஷன் அட்டைக்கு இணையதளத்திலேயே முகவரி மாற்றம் கேட்கலாம். 2020 அக்டோபர் முதல் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ முறை இங்கு இருப்பதால், மாற்றம் வரும் வரை பட்டினி இல்லை. வாக்காளர் பட்டியலுக்கு இப்போது படிவம் 8. தொகுதி விட்டுத் தொகுதி போனாலும் அதே படிவம்தான். இவை எல்லாவற்றுக்கும் புது முகவரிக்குச் சான்று கேட்பார்கள், ஆகையால் கோவை வீட்டின் ஒப்பந்தத்தில் உங்கள் பெயரோடு மனைவியின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் மற்றவர் ஒவ்வோர் அலுவலகத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: திருமணமாகி முதல் முறையாக வீடு மாறுகிறோம். சாமான்களை ஏற்றுவதில் கவனிக்க வேண்டியதைச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இரண்டு பேர் குடித்தனத்துக்கு ஒரு குட்டி யானை போதும் என்று நினைப்பீர்கள், பரணில் ஏறிப் பார்த்த பிறகு இரண்டு நடை என்று சொல்லி வண்டி பேசுங்கள். மாடி வீடென்றால் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, தெருவுக்குள் வண்டி நுழையுமா என்பதையெல்லாம் கூலி பேசும்போதே சொல்லிவிட வேண்டும். சாமானைப் பாதி படியில் வைத்துக்கொண்டு கூலி பேசுவது போன்ற கொடுமை வேறில்லை.

கிரைண்டரின் குழவிக் கல்லை வெளியே எடுத்துப் பழைய புடவையில் சுற்றி, உங்கள் காலடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விட்டால் வண்டி குலுங்கும் குலுங்கலில் பாத்திரத்தையே நசுக்கிவிடும். ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, தண்ணீரெல்லாம் வடிய விட்டு, நிற்க வைத்தபடியே ஏற்றச் சொல்லுங்கள். போன உடனே சுவிட்சைப் போடாமல் சில மணி நேரம் பொறுத்துப் போடுங்கள். கட்டிலைக் கழற்றும்போது வரும் திருகாணிகளை ஒரு சுருக்குப் பையில் போட்டு, அந்தக் கட்டிலின் காலிலேயே கட்டிவிட வேண்டும். ஊறுகாய் ஜாடியை யாரை நம்பியும் விடாதீர்கள், மடியில்தான் போக வேண்டும். பால் பாத்திரம், காப்பித்தூள், சர்க்கரை, இரண்டு டம்ளர், ஒரு கத்தி, மாற்றுத் துணி, சார்ஜர், மாத்திரைகள் ஆகியவற்றைத் தனிப் பையில் வையுங்கள். மற்ற எந்தப் பெட்டியையும் அன்று இரவு திறக்கத் தெம்பு இருக்காது.

அந்தப் பையில் இரண்டு எல்.இ.டி. பல்புகளும் இருக்கட்டும். முன்பு குடியிருந்தவர் தன் பல்புகளைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார், அது அவருடைய உரிமை. மாலை ஆறரை மணிக்கு இருட்டு வீட்டில், கைப்பேசி வெளிச்சத்தில், மோட்டார் சுவிட்ச் எங்கே என்று நாங்கள் தேடிய நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தச் சுவிட்ச் எங்கே, எந்தக் குழாயில் குடிதண்ணீர், எந்த நேரத்தில் வரும், குப்பை வண்டி எத்தனை மணிக்கு என்பதை வீட்டுக்காரரைவிடப் பக்கத்துப் போர்ஷன் அம்மாள் சரியாகச் சொல்வார்.